ஆபீசர் வந்தால் காணாமல் போகும் வீடு

என் ஓரகத்திக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் தோள் இரண்டும் குலுங்கும். சத்தம் பிறகுதான் வரும். தோள் குலுங்கும்போதே நாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். இல்லையென்றால் நமக்கும் தொற்றிக்கொள்ளும், அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். குடும்பத்தில் அவளைச் சின்னவள் என்றும் என்னைப் பெரியவள் என்றும் சொல்வார்கள். அவள் என்னைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் நான்தான் பெரியவள், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவள் புருஷனுக்கு, அதாவது என் கொழுந்தனுக்கு, ஊர் வைத்த பெயர் ரெடி. வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் அவன். "வேலை எந்த அளவுல இருக்கு?" என்று யார் கேட்டாலும் "ரெடிங்க" என்பான். போய்ப் பார்த்தால் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டியிருக்கும், அதிலும் பாதி தண்ணீர் நிற்கும். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கண்ணுக்கு அந்தக் கட்டடம் நிஜமாகவே எழும்பி, வெள்ளையடித்து, ஜன்னலில் திரை ஆடிக்கொண்டிருக்கும். நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலும் "வீடு ரெடி" என்றுதான் சொல்லியிருந்தான். கல்யாணம் முடிந்து அழைத்துப் போனால், அது வேறொருவருக்காக அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு. நாலு சுவர் இருந்தது. மேலே ஒன்றும் இல்லை, ஒரு மூலையில் மட்டும் தார்ப்பாய் கட்டியிருந்தான். புதுப்பெண் அழப்போகிறாள், நாம்தான் தேற்ற வேண்டும் என்று நான் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்றேன். அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

"அக்கா, மழை பெய்ஞ்சா குளிக்கத் தனியா இடம் தேட வேண்டாம்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுடைய குடித்தனம் முழுக்கச் சைட்டில்தான். இதில் கொழுந்தனுக்கு ஒரு கணக்கும் இருந்தது. சைட்டிலேயே குடியிருந்தால் வீட்டு வாடகை மிச்சம், கம்பியையும் சிமெண்டையும் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் சம்பளமும் மிச்சம். கீழ்த்தளத்தில் ஒரு அறையைப் பிடித்துக்கொள்வார்கள். மெதுவாகக் கூரை வரும், ஜன்னல் வரும், தரை வரும், குழாயில் தண்ணீர் வரும். எல்லாம் வந்து, "இனிமேல்தான் இதில் மனுஷன் இருக்கலாம்" என்கிற நாளில் உரிமையாளர் சாவியை வாங்கிக்கொள்வார். இவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போவார்கள். ஊருக்கெல்லாம் புதுப் பெயிண்ட் வாசனை என்றால் சந்தோஷம். இவளுக்கு அது காலி செய்யச் சொல்லும் வாசனை. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. கட்டி முடியாத கட்டடத்தில் குடும்பம் நடத்தக் கூடாது. அதிகாரி யாராவது வந்து அடுப்பையும் கட்டிலையும் பார்த்துவிட்டால் வேலையை நிறுத்திச் சீல் வைத்துவிடுவார்கள். அதற்காக இவர்கள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். சாரத்தின் மேலே நிற்கிறவன் தெருமுனையில் ஜீப்பைப் பார்த்ததும் இரும்புச் சட்டியில் டங் டங் என்று தட்டுவான். உடனே மடக்குக் கட்டில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போகும். அடுப்பு கொத்தனார்களின் ஆயுதப் பெட்டிக்குள் போகும். துணிமணி மணல் குவியலின் மேல் போட்ட தார்ப்பாய்க்கு அடியில். பாத்திரமெல்லாம் கான்கிரீட் கலக்கும் மிஷினின் வயிற்றுக்குள். சின்னவள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மணல் சட்டியைத் தூக்கி, சித்தாள்களோடு வரிசையில் கலந்துவிடுவாள். ஆபீசர் உள்ளே கால் வைக்கும்போது அங்கே குடும்பம் நடந்த சுவடே இருக்காது.

இதில் நடந்த கூத்துகளைச் சொல்லி மாளாது. ஒரு இன்ஜினியர் அவளைப் பார்த்து, "ஏம்மா, நடக்கிறியா ஊர்றியா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். இன்னொரு ஆபீசர் போகும்போது பாவம் என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காசில் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "அரசாங்கச் செலவு, நல்லா குடிங்க" என்றாள். ஒரு தடவை வேலைக்குப் புதிதாக வந்த ஆள், ஆபீசரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக மிஷினை ஓட விட்டுவிட்டான். உள்ளே அவள் வீட்டுப் பாத்திரம் மொத்தமும் உருண்டது. "மிஷின்ல என்ன சத்தம்?" என்று ஆபீசர் கேட்க, "ஜல்லி கொஞ்சம் பெருசுங்க" என்றான் கொழுந்தன். வெளியே எடுத்தபோது எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி நெளிந்திருந்தன. "முன்னாடி ஒண்ணுக்கொண்ணு சேராம இருந்துச்சு, இப்பத்தான் செட்டு மாதிரி இருக்கு" என்று அவள் சொல்ல, அன்றைக்கு எனக்கு விலா வலித்துவிட்டது.

மகளை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்த பிறகு ஒருவழியாகச் சொந்தமாக மனை வாங்கினார்கள். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கீழே இவர்களுக்கு, மேலே வாடகைக்கு. படம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் கூடத்தைப் பெரிதாகவும் சமையலறையைச் சின்னதாகவும் வைத்திருந்தார். சின்னவள் வெறும் மனையில் போய் நின்று, இங்கே அடுப்பு, இங்கே நான், இங்கே என் கை என்று இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கை எட்டிய இடமெல்லாம் சமையலறை ஆயிற்று. கூடம் அதற்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. ஊரிலேயே கூடத்தைவிடச் சமையலறை பெரிதாக இருக்கும் வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மேல் தளம் போட்டு, வழக்கம்போல அவர்கள் கீழே குடியும் வந்து, பூச்சு வேலை முடிகிற சமயத்தில் நாட்டில் சண்டை மூண்டது. அதைப் பற்றி நான் நிறையப் பேசப் போவதில்லை, பேசினால் என் கோபம் இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடும். ஒரு நாள் மத்தியானம் குண்டு ஒன்று அந்த வீட்டின் மேல் விழுந்தது. மேல் தளத்தின் ஓரத்தைப் பெயர்த்து, பின்பக்க மூலைத் தூணை முறித்து, சமையலறைச் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சின்னவள் வாசல் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். உடம்பெல்லாம் வெள்ளையாகத் தூசி படிய, தரையில் உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தம் வரவில்லை. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கடவுளே, இது சிரிப்பாக இருக்கட்டும் என்று வேண்டினேன்.

"அக்கா," என்றாள் கடைசியில், "சமையக்கட்டுல ஜன்னல் சின்னதா இருக்குன்னு நான் சொன்னேன்ல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

சண்டை ஓய்ந்ததும் இன்ஜினியர் வந்து பார்த்தார். அந்தத் தூணையும் தளத்தின் அந்தப் பக்கத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் வீடு நிற்கும், அதுவரை முட்டுக் கொடுத்து வையுங்கள் என்றார். கையில் இருந்ததெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் போய்விட்டிருந்தது. நஷ்டஈடு வந்தால் வீடு. வராவிட்டால் மனையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மறுபடி யாருடைய சைட்டிலோ தார்ப்பாய் கட்ட வேண்டியதுதான். இதைக் கொழுந்தன் சொன்னபோது சின்னவள் சிரிக்கவில்லை. "இன்னொரு சைட்டுக்கு நான் வரலைங்க" என்று மட்டும் சொன்னாள். அத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

உடைந்த மூலைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அங்கேயே குடியிருந்தார்கள். அவள் அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே சமைத்தாள். தெருவில் போகிறவர்கள் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கொழுந்தன் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனான். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்து, தவணை தவறாமல் கட்டிக்கொண்டு வந்தவன். தீப்பிடித்தால் பணம் உண்டு, வெள்ளம் வந்தால் உண்டு, திருடு போனால் உண்டு, லாரி வந்து மோதினால்கூட உண்டு. போர் என்றால் மட்டும் இல்லை. போர், போர் மாதிரியான செயல், போரோ என்று சந்தேகப்படும்படியான செயல், எதற்கும் இல்லை என்று எழுதியிருந்தது. கொழுந்தன் விடவில்லை. என்னையும் துணைக்கு அழைத்துப் போயிருந்ததால் இந்தப் பேச்சை நானே காதால் கேட்டேன்.

"மேலிருந்து பொருள் விழுந்து சேதமானா பணம் உண்டுன்னு போட்டிருக்கீங்களே. இது மேலிருந்துதானேங்க விழுந்துச்சு?"

இன்சூரன்ஸ்காரர் நல்ல மனுஷன். அவருடைய ஆபீஸ் ஜன்னலிலேயே கண்ணாடி இல்லை, அட்டைதான் ஒட்டியிருந்தது. "அண்ணே, தானா விழுந்தா பொருள். ஒருத்தன் குறிபார்த்து அனுப்பினா அது பொருள் இல்லை" என்றார்.

"குறி எங்கேங்க பார்த்தான்? என் வீட்டைக் குறிபார்த்து அவனுக்கு என்ன கிடைக்கப் போகுது? தவறித்தான் விழுந்திருக்கும்."

"தவறி விழுந்ததுன்னு அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, நான் பணம் தர்றேன்" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவரே நிவாரண அலுவலகத்துக்கு வழி சொன்னார். போர்ச் சேதத்துக்கு அரசாங்கம்தான் பணம் தருகிறது, அங்கே போய் எழுதிக் கொடுங்கள் என்றார்.

அங்கே கொழுந்தன் தனியாகத்தான் போனான். போய்விட்டு வந்து, பெரிய காரியத்தைச் சாதித்தவன் மாதிரி என் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான். "அண்ணி, கவுன்டர்ல ஒரு பொண்ணு, அந்த இடத்துல யாராவது குடியிருந்தாங்களான்னு நைசா கேட்டுச்சு. நான் மாட்டுவேனா? சே சே, யாரும் இல்லீங்க, அது சைட்டுங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்." கெட்டிக்காரத்தனம்தான் என்று நானும் நினைத்தேன். சட்டத்துக்குப் பயந்தே பழகிய நாக்கு, வேறு என்ன சொல்லும்?

சேதத்தைப் பார்த்து மதிப்புப் போட ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்த அன்று கொழுந்தன் தூரத்தில் இருந்த வேறொரு வேலையில் இருந்தான். அங்கிருந்தபடியே இந்த வீட்டுச் சைட்டுக்குப் போன் போட்டு, தலைமைக் கொத்தனாரிடம் பேசினான். அந்தக் கொத்தனாருக்குக் கண்ணாடி என்று பெயர். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்கள், அதனால் வந்த பெயர்.

"நாளைக்குக் காலையில ஆபீசர் வர்றாரு. எல்லாம் ரெடியா இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான். எந்த ஆபீசர், எதற்கு வருகிறார் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான், அவனும் நானும் சேர்ந்து போனோம். தெரு திரும்பியதும் அவன் நின்றுவிட்டான். நானும் நின்றேன். வீடு பளபளவென்று நின்றது. சுவரில் ஓட்டை இல்லை. சுவர் முழுக்க மழமழவென்று ஒரே பூச்சு. மேல் தளத்தின் ஓரம் நேராகக் கோடு போட்ட மாதிரி இருந்தது. முறிந்த தூணைச் சுற்றிப் பூசி உருட்டி விட்டிருந்தார்கள். முட்டுக் கம்புகளுக்கு வெள்ளையடித்து வரிசையாக நிறுத்தியிருந்ததில், ஏதோ பணக்கார வீட்டு முகப்பு மாதிரி ஒரு தோற்றம் வந்திருந்தது. இடிந்த கல், கம்பித் துண்டு ஒன்றும் கண்ணில் படவில்லை, எல்லாவற்றையும் வாசல் பள்ளத்தில் போட்டு மூடி, மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். சமையலறைக்குள் அடுப்பு இல்லை, கட்டில் இல்லை, ஒரு துணி இல்லை. வாசலில் சித்தாள்கள் வரிசையாக மணல் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஒருத்தி மட்டும் ஒரு தலை உயரமாக இருந்தாள்.

கண்ணாடிக் கொத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். முந்தின நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்த களை முகத்தில் இருந்தது.

"எப்படிங்க?" என்றார்.

கொழுந்தன் சுவரை மேலும் கீழும் பார்த்தான். "ஓட்டை எங்கய்யா?" என்றான்.

"எந்த ஓட்டைங்க?" என்றார் கண்ணாடி, பூரித்துப் போய்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. இந்த ஆட்களைத் திட்டவும் முடியாது. ஆபீசர் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கற்றுக் கொடுத்தவன் இவன்தானே? கொழுந்தன் தலையில் கையை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சாரத்தின் மேலிருந்து டங் டங் என்று சத்தம் வந்தது.

ஆபீசர் ஒல்லியாக, தலையில் ஹெல்மெட்டும் காலில் கனத்த பூட்சுமாக வந்தார். வாரக்கணக்கில் இடிந்த வீடுகளாகவே பார்த்துச் சலித்த முகம். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். மாடிக்குப் போனார், இறங்கினார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு நிம்மதி வந்தது.

"ரொம்ப நாள் கழிச்சு ஒரு நல்ல கட்டடத்தைப் பார்க்கிறேங்க" என்றார். "சேதம் எங்கன்னு காட்டினீங்கன்னா எழுதிட்டுப் போயிடுவேன்."

"சமையக்கட்டுச் சுவர்ல சார். பெரிய ஓட்டை. ஆளே நுழையலாம்" என்றான் கொழுந்தன்.

ஆபீசர் சுவரைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"பூசிட்டாங்க சார். அதுக்குப் பின்னாடி இருக்கு. இப்பக் காட்டிடறேன்." கொழுந்தன் சுத்தியலை வாங்கிக்கொண்டு சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "இங்கதான்" என்று ஓங்கி அடித்தான். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய செங்கல் ஒரு குறையும் இல்லாமல் வரிசையாக இருந்தது. நாலடி தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் அடித்தான். அங்கேயும் நல்ல செங்கல். அடித்த வேகத்தில் ஒன்று உடைந்து வெளியே போய் விழுந்தது.

"இந்த ஓட்டை நீங்க இப்பப் போட்டதுங்க" என்றார் ஆபீசர், கனிவாகவே. "இதைச் சேர்க்க முடியாது."

கொழுந்தன் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். "நீயாவது சொல்லித் தொலையேன், எங்க இருந்துச்சு?"

கண்ணாடி கண்ணைச் சுருக்கிச் சுவரின் நீளத்துக்கும் பார்த்தார். "எனக்கே தெரியலைங்களே" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அந்த நிமிஷத்தில் அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலவும் இருந்தது. மணல் சுமந்துகொண்டிருந்த வரிசை நின்றுவிட்டது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒருத்தர் முதலில் களுக்கென்று சிரிக்க, அது பரவி, ஆபீசருக்கே உதடு துடித்தது. கொழுந்தன் மட்டும் சுத்தியலோடு மலைத்துப்போய் நின்றான்.

ஆபீசர் தன் கோப்பை மூடினார். சிரிப்பெல்லாம் அதோடு நின்றது.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சாலும் ஒண்ணு சொல்லிடறேங்க, வீணா நம்பி இருக்க வேண்டாம்" என்றார். "இது கட்டிக்கிட்டு இருக்கிற இடம், ஆள் குடியிருக்கலைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. குடியிருந்த வீடுகளுக்குத்தான் முதல்ல பணம். அதெல்லாம் கொடுத்து முடிச்சு, மிச்சம் இருந்தாத்தான் உங்களை மாதிரி சைட்டுகளுக்கு. அது எப்ப வரும், எவ்வளவு வரும், யாருக்கும் தெரியாது. இதுவே ஒரு குடும்பம் இருந்த வீடா இருந்தா, இந்த மாசமே எழுதி அனுப்பிடுவேன்."

கொழுந்தன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் வாயே அடைத்து வைத்திருந்தது. ஆள் இல்லை என்று அடித்துச் சொன்னவன் இப்போது ஆள் உண்டு என்றால் எந்த ஆபீசர் நம்புவார்? நம்பினாலும், கட்டி முடியாத இடத்தில் எப்படிக் குடியிருந்தாய் என்று சீல் வைத்துவிட்டால்? அவன் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். நானும் பார்க்கவில்லை. அங்கே இருந்த யாருமே பார்க்கவில்லை, அப்படி ஒரு பழக்கம் எங்களுக்கு.

தொப்பென்று சத்தம் கேட்டது. சின்னவள் தலையிலிருந்த மணல் சட்டியைக் கீழே போட்டிருந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் சமையலறையில் ஒரு இடத்தில் போய் நின்றாள். இடது கையை நீட்டிச் சுவரில் ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க" என்றாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் ஆபீசர்.

"அடுப்புக்கு முன்னாடி நின்னா ஓட்டை எனக்கு இந்தப் பக்கம் வரும். காலையில வெயில் நேரா இது வழியாத்தான் கண்ணுல அடிக்கும். கொஞ்சம் தள்ளி நின்னுதான் சமைப்பேன்."

கண்ணாடிக் கொத்தனார் முன்னால் வந்தார். கொழுந்தன் கையிலிருந்த சுத்தியலை அவரே வாங்கினார். தான் பூசியதைத் தானே உடைப்பதற்கு முன்னால் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அடித்தார். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே பழைய சுவரின் நடுவில், கோணல்மாணலான விளிம்போடு, ஆள் நுழைகிற அளவுக்குப் புதுச் செங்கல் அடைத்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. அவர் அப்படியே போய்த் தூணின் பூச்சையும் தட்டிவிட்டார். வளைந்த கம்பி வெளியே வந்தது.

ஆபீசர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுப்புன்னு சொன்னீங்களே. எந்த அடுப்பு?"

சின்னவள் வாசல் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஒருத்தரும் அசையவில்லை. ஆபீசர் முன்னால் வீட்டை மறைத்துத்தான் பழக்கம், எடுத்து வைத்துப் பழக்கமில்லை. நான்தான் முதலில் நகர்ந்தேன். போய் மிஷினுக்குள் தலையை விட்டுப் பெரிய பானையை வெளியே இழுத்தேன். அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. மிஷின் வயிற்றிலிருந்து நெளிந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆயுதப் பெட்டியிலிருந்து அடுப்பு வந்தது. சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாலிருந்து கட்டில் இரண்டு, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து போர்வை, தலையணை, மகளுடைய பழைய பள்ளிப் புத்தகங்கள், சுவர்க் கடிகாரம், அது ஓடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சாமானையும் யாரும் சொல்லாமலே அதனதன் இடத்தில் வைத்தார்கள். இருந்த இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பூச்சு ஆட்களும் சித்தாள்களும் ஓடுகிற ஓட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். ஆபீசர் வழிவிட்டுக் கூடத்துப் பக்கம் நகர்ந்து நின்று, மணல் குவியலுக்குள்ளிருந்து ஒரு குடும்பம் எழுந்து வருவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"தப்புதான் சார்" என்றான் கொழுந்தன். குரல் உடைந்திருந்தது. "சீல் வச்சிருவாங்கன்னு பயந்துதான் ஆள் இல்லைன்னு சொன்னேன். நாங்க இங்கதான் இருக்கோம். குண்டு விழுந்தப்பவும் இங்கதான் இருந்தோம்."

ஆபீசர் சுவரைப் படம் எடுப்பதற்காகப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி சமையலறைக்குள் காலை எடுத்து வைத்தார். பூட்சில் அப்பியிருந்த சேறு தரையில் பதிந்தது.

"சார்" என்றாள் சின்னவள். "பூட்ஸை வெளிய கழட்டிட்டு வாங்க. இது வீடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசாங்கத்து ஆளை, அதுவும் இந்த நேரத்தில். அவள் சிரிக்கவில்லை, தோளும் அசையவில்லை. ஆபீசர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு வந்த வழியே வாசலுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து, பூட்ஸ் இரண்டையும் அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. விரலை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். அதற்கப்புறம் படம் எடுத்தார், அளந்தார். கோப்பைத் திறந்து முதல் பக்கத்தில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். எழுதும்போதே, "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று அவளிடம்தான் கேட்டார். "மூணு பேர் சார், மக படிக்கப் போயிருக்கா" என்றாள்.

"சரி. மாசக் கடைசிக்குள்ள முதல் தவணை வந்துடும். தூணை முதல்ல பாருங்க" என்றார்.

ஆட்கள் ஒவ்வொருவராக வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். கொழுந்தன்தான் கடைசி. எத்தனையோ வீடுகளைக் கட்டியவன், இவள் சமைத்த எல்லாச் சமையலறைகளுக்குள்ளும் பூட்ஸ் காலோடு போய் வந்தவன். கயிற்றில் சிமெண்ட் இறுகியிருந்ததால் கழற்ற நேரமாயிற்று. வெறுங்காலோடு உள்ளே வந்தவனுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கட்டிலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்து மெதுவாக, விருந்தாளி மாதிரி, "நான் எங்க உட்காரட்டும்?" என்று கேட்டான்.

"உங்க வீடுதாங்க" என்றாள் அவள். "எங்க வேணும்னாலும் உட்காருங்க."